டிசம்பரில் வரவேண்டிய சார்ஜர்

என் கணவர் ஆக்லாந்தில் எட்டு மாதம் தேடியும் வேலை கிடைக்கவில்லை. எல்லோரும் உள்ளூர் அனுபவம் கேட்டார்கள். வேலையே கொடுக்காமல் அது எங்கிருந்து வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் கோலாலம்பூரில் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போனார். மகளின் பள்ளிக்கூடத்துக்காக நானும் அவளும் ஆக்லாந்திலேயே, எப்சம் பகுதியில், வாடகை வீட்டில் தங்கினோம். தொண்ணூறுகளில் இப்படி இரண்டாகப் பிரிந்து கிடந்த குடும்பங்கள் நிறைய. அது எனக்கு ஓர் ஆறுதலும் தரவில்லை.

ஆகஸ்டில் ஒரு வாரம் வந்துவிட்டுத் திரும்பும்போது மனிதர் ஒரு காரியம் செய்தார். தன் கம்பெனி லேப்டாப்பின் சார்ஜரை இங்கே விட்டுவிட்டு, எங்கள் பழைய லேப்டாப்பின் சார்ஜரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டும் கறுப்பு, இரண்டும் சலவை சோப்புக் கட்டி அளவு. அவருக்கு அலுவலகத்தில் வேறொன்று கொடுத்துவிட்டார்கள். என் ஆசிரியர் பயிற்சிக் கட்டுரைகள்தான் அந்தரத்தில் நின்றன.

அவர் விட்டுப்போனதைச் செருகிப் பார்த்தேன். முனை கச்சிதமாக உள்ளே போனது. சுவிட்சைப் போடக் கை நீட்டியபோது அவரிடமிருந்து போன்.

"போட்டுடாதே! அது பத்தொம்பது வோல்ட், நம்மளது பதினஞ்சு. கருகிடும்."

"அப்ப நான் என்னாங்க செய்றது?"

"டிசம்பர்ல வரும்போது கொண்டாந்துடுறேன்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஆனாலும் கட்டுரைக்குத் தவணை நெருங்கியது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு லின்ஃபீல்ட் பகுதியில் ஒரு எலக்ட்ரானிக் கடைக்குப் போனேன். அங்கே வேலை பார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். கணினியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தார்.

"செருகுப்படுது எண்டு நம்பக்கூடாது அக்கா. வோல்ட் ஒண்டாயிருக்கோணும். அம்பியர் கூட இருந்தாப் பரவாயில்லை, குறையக்கூடாது. முனையில எது பிளஸ், எது மைனஸ் எண்டும் பாக்கோணும்."

இழுப்பறையைக் கிளறினார். மூன்று தேறவில்லை. நாலாவது எல்லாக் கணக்கிலும் சரியாக இருந்தது. செருகினார், பச்சை விளக்கு எரிந்தது, பாதியில் நின்ற என் கட்டுரை திரையில் வந்தது.

"தரட்டோ அக்கா?"

"வேணாம் தம்பி. டிசம்பர்ல அவங்க கொண்டாந்துடுவாங்க."

"இப்ப செப்டம்பர்தானே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. லேப்டாப்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கோபம் கடைக்காரர்மேல் இல்லை. அதை வாங்கிவிட்டால், என் கணவர் டிசம்பரில் வருவதற்கு ஒரு காரணம் குறைந்துவிடும் என்று பயந்தேன். இதை எவரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகு கட்டுரைகளைக் கையால் எழுதி, நூலகக் கணினிக்கு வரிசையில் நின்று தட்டச்சு செய்தேன். மகள் பள்ளி விட்டு வந்ததும் அறைக்குள் போய்விடுவாள். நான் எதைக் கேட்டாலும் உள்ளிருந்து ஆங்கிலத்தில் ஒரு சொல் வரும். ஞாயிறு காலை அவர் போன்தான் எனக்கு அந்த வாரத்தின் பேச்சு. "சார்ஜரை மறந்துடாதீங்க" என்பேன். "டிசம்பர்ல கொண்டாறேன்" என்பார். அதைக் கேட்கத்தான் கேட்பேன்.

அக்டோபர் கடைசியில் அலுத்துக்கொண்டார். "அங்கேயே ஒன்னு வாங்கேன்."

"இங்க எதுவும் ஒத்து வரலைங்க" என்றேன். பச்சைப் பொய்.

நவம்பர் நடுவில் ஒரு பார்சல் வந்தது. மேலே அவர் கையெழுத்து, உள்ளே பழைய பனியனில் பத்திரமாகச் சுற்றிய சார்ஜர். கடிதத்தைப் பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த வருடம் லீவு இல்லை, நீ சிரமப்படுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை என்று எழுதியிருந்தார். அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு மாதமாவது நம்பிக்கொண்டிருந்திருப்பேன். சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"பசியாறிட்டியா?"

"ஆச்சு."

"சார்ஜர் வேலை செய்யுதா?"

"செய்யுதுங்க."

"நல்லது" என்றார். பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை.