சத்தம் எழுப்பாத வாசல்

தேர்தல் பிரசாரம் சூடாக நடந்துகொண்டிருந்த நேரம் அது. கோவில்பட்டிக்கு வெளியே, அறுப்பு முடிந்து கிடந்த கரிசல் காட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். மாநிலம் முழுக்கத் தெரிந்த ஒரு தலைவர் பேச வருகிறார் என்று எங்கள் மகளிர் குழுவை ஆரத்தி எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நானும் போனேன்.

நுழைவில் மெட்டல் டிடெக்டர் வாசல் நின்றது. கையில் பித்தளைத் தாம்பாளம், இடுப்பில் சாவிக்கொத்து. இரண்டோடும் நுழைந்தேன், ஒரு சத்தமும் வரவில்லை. ஜெனரேட்டர் ஒயர் மைக் வரைக்கும்தான் போயிருந்தது, வாசலுக்கு வரவில்லை. காவலர் தாம்பாளத்தைப் பார்த்தார்.

“ஆரத்தி எடுக்க வந்தவியளா? போங்க, போங்க.”

உள்ளே முன்வரிசையில் நின்ற பிறகுதான் எங்கள் நடுவே ஓர் ஆள் நிற்பதைக் கவனித்தேன். வலது கை முழுவதும் மடித்த சால்வைக்குள் இருந்தது. அந்தக் கை வெளியே வரவே இல்லை. பக்கத்தில் நின்ற தோழியிடம் மெல்லக் கேட்டேன்.

“ஏட்டி, இவிய யாரு? நம்ம ஆளா?”

“எனக்குத் தெரியாதுக்கா. ஒங்க சொந்தக்காரவியன்னுல்லா நெனச்சேன்.”

அந்த ஆளிடமே பேச்சுக் கொடுத்தேன்.

“அண்ணாச்சிக்கு எந்த ஊரு?”

“குளத்தூரு.”

“குளத்தூர்ல எங்கன?”

அவன் கண் சாலையிலேயே இருந்தது. நெற்றி வியர்வையைக்கூட இடது கையால்தான் துடைத்தான்.

தடுப்பு ஓரம் நின்ற பெண் காவலரிடம் போய்ச் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உள்ள வந்தவிய எல்லாரையும் சோதிச்சுத்தான் விட்டிருக்காவ. வரிசையக் கலைக்காதீங்கம்மா.”

நாட்டை ஆண்ட தலைவரையே மாலை போட வந்த கூட்டத்தில் பறிகொடுத்த மாநிலம் இது. அந்த நினைப்பு வந்ததும் திரும்பிப் போய் அந்த ஆளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

வேன் வந்து நின்றது. கூட்டம் நெருக்கியதில் சவுக்குக் கட்டைத் தடுப்பு சரிந்தது. தலைவர் இறங்கி, கும்பிட்டபடி எங்களை நோக்கி வந்தார். அந்த ஆள் எங்களை விலக்கிக்கொண்டு முன்னே போனான். நான் யோசிக்கவில்லை. குறுக்கே பாய்ந்து ஆரத்தி நீரை அப்படியே அவன் மேல் கொட்டினேன். பதறிப்போய்க் கையை உதறினான். சால்வை நழுவ, நீளமான கத்தி ஒன்று மண்ணில் விழுந்தது.

அடுத்த கணம் தலைவரை வேனுக்குள் தள்ளிவிட்டார்கள். அவனை நாலைந்து பேர் அமுக்கினார்கள்.

ஸ்டேஷனில் எங்களைத்தான் முதலில் விசாரித்தார்கள். “அவன யாரும்மா உள்ள கூட்டிட்டு வந்தது?”

“நாங்க கூட்டிட்டு வரல சார். வாசல்ல யாருமே பாக்கல,” என்றேன். அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நானும் அதையே சொன்னேன்.

சாயங்காலம் இடத்தைக் காட்டச் சொல்லி மறுபடி அழைத்துப் போனார்கள். இப்போது அந்த வாசலில் விளக்கு எரிந்தது. என் சாவிக்கொத்துக்கே கூவியது. அவன் எதற்காக வந்தான் என்பதையும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போதும் எங்காவது என்னை ஏறிட்டுப் பார்க்காமலேயே ‘போங்க, போங்க’ என்று கையசைத்தால் கால் நகர மறுக்கிறது. பையை நானே திறந்து காட்டி, எனக்குப் பின்னால் வருபவரையும் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.