கோத்ரோக்களின் கரை

மாத்தூரின் கோத்ரோ பிரான்சிலிருந்து கப்பலேறி, வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய அக்காடிக்கு வந்தபோது, மற்றவர்கள் காட்டை வெட்டித் திருத்திக்கொண்டிருந்தார்கள். அவர் மினாஸ் விரிகுடாவின் சேற்றில் இறங்கினார். புல்லோடு வெட்டிய மண்ணை அடுக்கி, மிதித்து, கடலுக்குக் குறுக்கே கரை எழுப்பினார். அடியில் ஒரு மதகு. மழைத்தண்ணீர் வடியும்போது அதன் கதவு திறக்கும். கடல் ஏறினால் அந்தத் தண்ணீரே கதவை அடித்துச் சாத்திவிடும். இரண்டு மூன்று மழைக்காலம் உப்பைக் கழுவிவிட்டது. பிறகு அங்கே கோதுமை விளைந்தது. மகன்கள் கரையை நீட்டினார்கள், பேரன்கள் இன்னும் நீட்டினார்கள். கொள்ளுப்பேத்தி ஒசித் பிறந்தபோது, ஊரில் பாதிப்பேர் கோத்ரோ, மீதிப்பேர் கோத்ரோக்களுக்குச் சம்பந்திகள்.

ஒசித்தின் புருஷன் அன்செல்ம் அப்படி வந்து சேர்ந்தவன்தான். மாமனாரோடு கரை வேலைக்குப் போய், வேலை பிடித்துப்போய், பெண்ணையும் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டான்.

நாட்டைப் பிடித்திருந்த ஆங்கிலேயர்களின் ராஜாவுக்கு விசுவாசமாக இருப்போமென்று, அவர்கள் கேட்ட மாதிரி சத்தியம் செய்ய ஊர் மறுத்தது. சிப்பாய்கள் வந்து ஆண்களைத் தேவாலயத்துக்குக் கூப்பிட்டுக் கதவைப் பூட்டினார்கள். பிறகு ஒசித்தின் அப்பா, அண்ணன்கள் உட்பட எல்லோரையும் குடும்பம் குடும்பமாகக் கப்பலில் ஏற்றினார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். ஒசித்தும் அன்செல்மும் அன்றைக்கு ஆற்றின் மேல்பக்கம் தொலைந்த மாட்டைத் தேடிப் போயிருந்தார்கள். திரும்பும்போது புகைதான் தெரிந்தது. மாட்டை அவிழ்த்துவிட்டுக் காட்டுக்குள் ஓடினார்கள்.

அந்தக் காட்டின் பூர்வகுடிகளான மிக்மா குடும்பம் ஒன்று அவர்களைச் சேர்த்துக்கொண்டது. விலாங்கும் மான்கறியும் கிடைத்த நாட்களில் சாப்பிட்டார்கள். ஒசித்துக்கு அங்கே பிறந்த முதல் குழந்தை பனிக்காலம் தாண்டவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் பசி கூடிக்கொண்டே போனது. கடைசியில் ஆங்கிலேயர்களின் கோட்டையில் போய்ச் சரணடைந்தார்கள்.

அதற்குள் ஆங்கிலேயர்களின் இன்னொரு குடியேற்றமான கனெக்டிகட்டிலிருந்து புதுக் குடியேறிகள் வந்து நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும்புயல் ஒன்று கரையைப் பல இடங்களில் உடைத்திருந்தது. கோத்ரோ நிலம் எலிபலெட் வைல்டர் என்பவரிடம் இருந்தது. உடைப்பில் அவர் கல்லும் கட்டையும் போட்டுப் பார்த்தார். கடல் வாரிக்கொண்டு போனது. கோட்டையிலிருந்த கைதிகளைக் கூலிக்குக் கேட்டு வாங்கினார். அன்செல்ம் தன் மாமனாரின் கரைக்கே கைதியாக வந்து சேர்ந்தான். ஒசித் வைல்டர் வீட்டில் துணி துவைத்தாள். வீடு புதிது, கிணறு கோத்ரோக்களின் பழைய கிணறு.

ஒருநாள் வைல்டரின் மனைவி மெஹிட்டபல் தோட்டத்தைக் கொத்தும்போது, கரி பிடித்த இரும்புச்சட்டி ஒன்று கிடைத்தது. துவைத்துக்கொண்டிருந்த ஒசித்திடம் கொண்டுவந்து காட்டினாள்.

"இது உங்க ஆளுங்களோடதா?"

"எங்க அம்மாவோடது."

மெஹிட்டபல் சட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். "எடுத்துக்கோ, ஒசித்."

"அடியில ஓட்டை விழுந்திருக்கும்மா. நீங்களே வச்சுக்கங்க. கோழிக்குத் தீனி போடலாம்."

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நிலம் காலியா கெடக்குன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாங்க."

"காலி பண்ணினாங்க, காலியாச்சு," என்றாள் ஒசித். துணியை இன்னும் இரண்டு அடி கூடவே அடித்தாள்.

ஆங்கிலேயர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் நடந்த சண்டை முடிந்தது, கைதிகளை விட்டார்கள். போக இடமில்லாததால் வைல்டரிடமே கூலிக்கு இருந்தார்கள். இரண்டு மகன்கள் பிறந்தார்கள். பிறகு தெற்கே செயின்ட் மேரி விரிகுடா ஓரத்தில் அக்காடியர்களுக்கு நிலம் தருகிறார்கள் என்ற செய்தி வந்தது. வைல்டருக்கு அன்செல்மை விட மனமில்லை. கரையோரம் ஒரு வீடு கட்டிக்கொடுக்கிறேன், காலம் முழுக்க வேலை உண்டு என்றார். அன்செல்ம் சந்தோஷமாக வந்து சொன்னான்.

"இருந்துக்கலாம் ஒசித். அந்தக் கரையில ஒவ்வொரு அடியும் எனக்குத் தெரியும்."

"தெரியும்யா. உனக்குக் கட்டத் தெரியும். அது யாரு கட்டினதுன்னு எனக்குத் தெரியும்."

"அங்க வெறும் பாறையாம். மீன் பிடிச்சுத்தான் பொழைக்கணுமாம். நான் படகுல ஏறினா வாந்தி எடுப்பேன்."

"எடு. நம்ம படகுல எடு. எம் புள்ளைங்க இங்கேயே வளர்ந்து, வைல்டர் மகனைப் பாத்துத் தொப்பியைக் கழட்டிக்கிட்டு நிக்கறதை நான் பாக்க மாட்டேன்."

அவன் மூன்று நாள் வழக்கம்போலக் கரை வேலைக்குப் போனான். பிறகு மண்வெட்டியைத் துணியில் சுற்றினான். பிள்ளைகளைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்து காட்டுவழியே நடந்தார்கள்.

பாறை என்று சொன்னது பொய்யில்லை. முதல் வருஷம் உருளைக்கிழங்கும் சிப்பியும்தான் சாப்பாடு. அன்செல்ம் சொன்னபடியே வாந்தி எடுத்தான். அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள், "மீனுக்குத் தீனி போட அன்செல்மைக் கூட்டிட்டுப் போங்கடா," என்று கேலி செய்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டு போனான். மினாஸ் பக்கம் அவன் திரும்பிப் போகவேயில்லை. ஆனால் கோதுமை ரொட்டி கிடைத்த நாளெல்லாம் சாப்பிடாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருப்பான். ஒசித் அதைப் பார்ப்பாள். தான் செய்தது சரியா என்று அவளுக்கு முழு நிச்சயம் வந்ததேயில்லை.

மேலும் ஐந்து பிள்ளைகள் பிறந்தன. கப்பலில் போன ஒசித்தின் அண்ணன்களில் ஒருவன் லூசியானாவில் இருக்கிறான், ஆற்றோரம் நிலம் வாங்கியிருக்கிறான் என்று பல வருஷம் கழித்து ஒரு மாலுமி சொன்னான். அப்பாவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

அன்செல்ம் இறந்த பிறகு மூத்த மகன் ஃபிர்மேன் மீன் விற்க மினாஸ் பக்கம் போய்வந்தான்.

"வர்றியாம்மா? ஒரு தடவை பாத்துட்டு வரலாம்."

"பாத்து?"

"சும்மா," என்றான்.

"சும்மா பாக்கற வேலையெல்லாம் எனக்கில்ல. வலை கிழிஞ்சு கெடக்கு, நூலை எடு."

எழுபதைத் தாண்டி, ஒரு வசந்தகாலத்தில் ஒசித் இறந்தாள். தேவாலயத்துக்குப் பின்னால் மணலில் அடக்கம் செய்தார்கள். மறுநாள் விடியும்போது விரிகுடாவுக்குள் மத்திமீன் கூட்டம் வந்திருந்தது. மகன்கள் ஆளுக்கொரு சொந்தப் படகை இறக்கிக்கொண்டு போனார்கள்.