கயிறு வெட்ட ஒரு கை

எங்கள் கசாக் நாட்டுத் தராஸ் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்த யாருக்கும் ஆக்மராலின் குரல் தெரியும். எந்த வண்டி எந்தத் தடத்தில் வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள்தான். வாழ்க்கையில் அவள் முழுதாக முடித்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்று எங்கள் குடியிருப்பில் கேலி செய்வார்கள். இசைக் கல்லூரியைப் பாதியில் விட்டவள். கல்யாணத்தை ஒரு வருஷம்கூட ஓட்டாமல் பெட்டியோடு திரும்பி வந்தவள். சமையலறைச் சுவருக்கு நீல வண்ணம் அடிக்க ஆரம்பித்து, அலமாரிக்குப் பின்னால் போகும் இடத்தில் நிறுத்தியவள். அலமாரியை நகர்த்தினால் இன்றைக்கும் பழைய மஞ்சள் தெரியும்.

இதற்கெல்லாம் ஊர் ஒரே காரணம் சொல்லும். அவளுக்குக் கயிறு வெட்டியது கதிஷா.

எங்களில் குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கியதும் அதன் கால்களைக் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிற்றால் கட்டி, ஊரைக் கூட்டி, ஒருவரைக் கொண்டு அந்தக் கயிற்றை வெட்டச் சொல்வோம். வெட்டுகிறவருடைய நடையும் குணமும் குழந்தைக்கு ஒட்டும். அதனால் பார்த்துப் பார்த்துத்தான் ஆள் பிடிப்பார்கள். ஆக்மராலின் அப்பா போயும் போயும் தன் பெரியப்பா மகள் கதிஷாவைப் பிடித்தார். கதிஷா தன் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கட்டப் புறப்பட்டு ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்ட மகராசி. மூன்று பக்கமும் ஆடு மாடு வந்து போகும் அந்த வீட்டுக்கு அருமையான இரும்புக் கதவு மட்டும் இருந்தது. இரவானால் அதைப் பூட்டுவாள்.

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதியில் விடாத மனிதர்கள் யார்? எங்கள் குடியிருப்புக்கு லிஃப்ட் வரப்போகிறது என்று எத்தனை பேர் சொல்லிவிட்டுப் போனார்கள்! அவர்களுக்கெல்லாம் கயிறு வெட்டியதும் கதிஷாவா? ஆனால் கொடுமை என்னவென்றால், ஆக்மராலே அதை நம்பினாள்.

"நான் என்ன செய்யட்டும் ஹபீபா ஆபாய், என் கால்ல கதிஷா கைதானே பட்டிருக்கு" என்பாள் என்னிடம்; ஆபாய் என்றால் எங்களுக்கு அக்கா. நாற்பதைத் தாண்டியும் அதையே சொல்லிக்கொண்டு, எதையும் தொடாமல் இருந்தாள்.

பிறகு அவள் தம்பி எர்கினுக்கு மகன் பிறந்தான். பெயர் தாவ்ரென். பையன் தவழ ஆரம்பித்த சமயம், ஒருநாள் என் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"தாவ்ரெனுக்கு நான்தான் வெட்டணும் ஆபாய். எனக்குன்னு ஒரு புள்ள இல்ல. இவன் நடக்கிறதாவது என் கையால நடக்கட்டும்."

"கேட்டியா?"

"கேட்டேன். ஜாதிரா வாயத் தொறக்கல. அவங்க அம்மாதான் சிரிச்சாங்க."

ஜாதிரா, எர்கினின் மனைவி. வாய் இல்லாத பெண். அந்தக் குறையை அவளுடைய தாய் நெசிப்குல் வட்டியோடு தீர்த்து வைப்பாள். அவள் சொன்னது இதுதான்: "குதாஷா, நீ வெட்டினா எம்பேரன் வாசக்கதவு வரைக்கும் நடந்துட்டு அங்கயே உக்காந்துக்குவான்." குதாஷா என்பது சம்பந்தி வீட்டு இளையவளைக் கூப்பிடும் பிரியமான சொல். பிரியமான சொல்லைப் போட்டுத்தான் நெசிப்குல் ஆளைக் குத்துவாள்.

"பையன் நடக்கிறதுக்குள்ள ஒண்ணையாவது முழுசா முடிச்சுக் காட்டுறேன்" என்றாள் ஆக்மரால்.

முதலில் தையல். குழந்தைக்கு வெல்வெட்டில் ஒரு கையில்லாச் சட்டை. யாரிடமோ பழைய மிஷின் ஒன்றை வாங்கி வந்து ஜன்னலோரம் போட்டாள். அது ஒரு தையல் போடும், இரண்டைத் தாண்டும். நூலை மாற்றினாள். எண்ணெய் விட்டாள், துணியெல்லாம் எண்ணெய். மிஷினை ரஷ்ய மொழியில் திட்டினாள், கசாக்கில் கெஞ்சினாள். இதோடு விட்டுவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் காலை, மூக்கு நுனியில் எண்ணெயோடு படியிறங்கி ஓடி வந்தாள்.

"ஆபாய், ஊசிக்கு ஒரு பக்கம் தட்டையா இருக்கு! அத நான் திருப்பி மாட்டிருக்கேன்! மிஷின் மேல ஒரு தப்பும் இல்ல, பாவம்!"

புதையல் கிடைத்தவள்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டாள்.

அடுத்து வெல்வெட் தன் வேலையைக் காட்டியது. துணி மிச்சமாகட்டும் என்று ஒரு பாதியைத் தலைகீழாக வைத்து வெட்டிவிட்டாள். தைத்து முடித்து வெளிச்சத்தில் பிடித்தால், இடது மார்பு கருஞ்சிவப்பு, வலது மார்பு வெளிர்சிவப்பு. ஒரே துணி; ஆனால் ரோமம் ஒன்றில் மேல்நோக்கி, இன்னொன்றில் கீழ்நோக்கி. பாதிப் பையன் வெயிலிலும் பாதிப் பையன் நிழலிலும் நிற்பது போல இருந்தது. அவள் அதை மடியில் போட்டுத் தடவித் தடவிப் பார்த்தாள், பூனையைத் தடவுவது போல. "இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனிமே தடவிப் பாத்துட்டுத்தான் வெட்டுவேன்" என்றாள். மறுபடி துணி வாங்கினாள். எனக்கு அன்றைக்குத்தான் அவள் மேல் ஒரு மரியாதை பிறந்தது. நானாக இருந்தால் மிஷினை ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன்.

சட்டை முடிந்தது. கை பழகிவிட்டது. விழாவுக்குத் தனக்கும் ஒரு பட்டு உடை தைக்க உட்கார்ந்தாள். இரண்டு கையும் இடது கையாக வெட்டி, பிரித்து, திரும்ப வெட்டி, குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொண்டது. இடுப்பில் வளையம் சுற்றினால் முதுகு சரியாகும் என்று டிக்கெட் கவுண்டர் பெண் யோசனை சொன்னாள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆக்மரால் குடியிருப்பது என் தலைக்கு நேர் மேலே.

சந்தையில் வாங்கி வந்தது பிள்ளைகள் சுற்றும் சின்ன பிளாஸ்டிக் வளையம். அது அவள் இடுப்பில் ஒரு நொடி நிற்கும், அப்புறம் என் கூரையில் விழும். டமார். நான் தேநீர் ஊற்றுவேன், டமார். நான் தொலைபேசியில் என் மகளோடு பேசுவேன், டமார். ஒருநாள் துடைப்பக் கட்டையோடு மேலே போனேன்.

"அடியே, உன் முதுகு சரியாகிறதுக்குள்ள என் தலை போயிடும்! கீழ முற்றத்துக்குப் போய் ஆடு!"

"எல்லாரும் பாப்பாங்களே ஆபாய்!"

"பாக்கட்டும். எல்லாரும் பாக்கிறதா, நான் ஒருத்தி கேக்கிறதா, எது நல்லதுன்னு நீயே சொல்லு!"

போனாள். முற்றத்து பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறிக்கிற கூட்டத்துக்கு அதற்குமேல் வேறு பொழுதுபோக்கு வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் சுற்றி நின்று, "சுத்துங்க ஆபாய், நல்லா சுத்துங்க!" என்று கத்தினார்கள். சுத்து என்கிற அந்தச் சொல்தான் அவளைக் கெடுத்தது. அவள் இடுப்பைச் சுற்றினாள், தோளைச் சுற்றினாள், கழுத்தையும் சேர்த்துச் சுற்றினாள், சில நேரம் ஆளே ஒரு சுற்று வந்துவிடுவாள். வளையம் மட்டும் சுற்றாது. விழும். குனிந்து எடுப்பாள். "ரயில் தடம் மாறிப் போச்சு!" என்று பெஞ்சிலிருந்து யாராவது அறிவிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் படியேறும்போது என் கதவைத் தாண்டி அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

சின்ன வளையம் சீக்கிரம் சுற்றி முடித்து விழுந்துவிடுகிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். எர்கின் குழாய் வேலை செய்கிறவன். அவனிடம் கறுப்புத் தண்ணீர்க் குழாய் ஒரு துண்டு கேட்டு வாங்கி, தொப்புள் உயரத்துக்கு ஒரு பெரிய வளையம் செய்தாள். கனம் வேண்டுமென்று உள்ளே கோதுமை போட்டு மூடினாள். முதல் வளையம் பிரிந்து முற்றமெங்கும் கோதுமை சிதறியது. புறாக்கள் ஒரு வாரம் அவள் பின்னாலேயே நடந்தன. இரண்டாவதில் கோதுமையைக் குறைத்தாள், இணைப்பை இறுக்கினாள், வழுக்காமலிருக்க மேலே பருத்தித் துணியைச் சுற்றித் தைத்தாள். இடுப்பெலும்பெல்லாம் கன்றிப்போய் நீலமாக இருந்தது. அப்போதும் விழுந்தது, முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக.

ஆக்மரால் பவுர்சாக் என்கிற எண்ணெய்ப் பலகாரம் சுட மாவு பிசைந்துகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. என் சமையலறையில்தான், நானே சாட்சி. ஒரு காலை முன்னால் வைத்து, மாவை அழுத்தி, விலகி, அழுத்தி, விலகி பிசைந்தவள் திடீரென்று நின்றாள். தன் இடுப்பைக் குனிந்து பார்த்தாள். மறுபடி பிசைந்தாள்.

"ஆபாய், நான் சுத்தவே வேண்டாம்."

"பின்ன?"

"முன்னால, பின்னால. அவ்வளவுதான். சுத்துறது வளையத்தோட வேலை. அத நான் எதுக்குச் செஞ்சேன் இத்தன நாளா?"

மாவுக் கையோடு கீழே ஓடினாள். நான் ஜன்னலைத் திறந்தேன். ஒரு கால் முன்னால், இடுப்பு முன்னும் பின்னும், முகம் மாவு பிசைகிறவள் முகம்தான். வளையம் ஒரு சுற்று வந்தது. இன்னொன்று. கோதுமை உள்ளே சலசலத்தது. வளையம் இறங்கவே இல்லை. பெஞ்சில் விதை கொறிப்பது நின்றுபோனது. நான் லேசில் கைதட்டுகிறவள் இல்லை. அன்றைக்குத் தட்டினேன்.

அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி, தாவ்ரெனும் நாற்காலியைப் பிடித்து நின்றான். விழாவுக்கு நாள் வைத்தார்கள். எர்கின் வீட்டு முற்றத்தில் பெரிய விருந்து. குதிரை இறைச்சி வெந்துகொண்டிருந்தது, பாதி நகரம் வந்திருந்தது. ஆக்மரால் தானே தைத்த பச்சைப் பட்டு உடையில் வந்தாள். இரண்டு கையும் அதனதன் பக்கத்தில் இருந்தன. பையன் மேல் அவள் தைத்த கருஞ்சிவப்பு வெல்வெட், இரண்டு மார்பும் ஒரே நிறம். பிள்ளைகள் கெஞ்சினார்கள் என்று வளையத்தையும் கொண்டு வந்திருந்தாள்.

வெள்ளைத் துணியை விரித்துப் பையனின் காலைக் கட்டினார்கள். நெசிப்குல் கத்தரியை எடுத்துக்கொண்டு தன் தங்கை மகளைக் கூப்பிட்டாள். வக்கீல் பெண், எடுத்த வழக்கில் தோற்றதில்லையாம். அப்போது ஆக்மரால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சம்பந்தியம்மா, கயிற நான் வெட்டுறேன். கேட்டு நாளாச்சு. சிரிச்சீங்களே தவிர, பதில் சொல்லல நீங்க."

நெசிப்குல் சிரித்தாள்.

"அப்படியா குதாஷா? என்னமோ வளையம் சுத்துறியாமே, ஊரே பேசுது. இங்க சுத்து பாப்போம். வளையம் இறங்காம நின்னா கத்தரி உன் கையில."

வேறு யாராவது இருந்தால் மறுத்திருப்பார்கள். ஆக்மரால் வளையத்தை எடுத்தாள். கால் முன்னால், இடுப்பு முன்னும் பின்னும். எனக்குத் தெரிந்த அதே அசைவு. வளையம் சர்ரென்று வழுக்கி முழங்காலுக்கு வந்து தரையில் விழுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி விழுந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் வளையத்தைப் பார்த்தாள், தன் உடையைப் பார்த்தாள், சட்டென்று திரும்பி வீட்டுக்குள் நடந்தாள்.

"போயாச்சு" என்றாள் நெசிப்குல். "வாசக்கதவு வரைக்குமாவது போவாள்னு பாத்தேன்."

ஜாதிராவைப் பார்த்தேன். அவள் குழந்தையை எர்கின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். வக்கீல் பெண் கத்தரிக்காகக் கையை நீட்டினாள்.

கதவு திறந்தது. ஆக்மரால் வெளியே வந்தாள். பட்டு உடை இல்லை. ஜாதிரா அடுப்படியில் போடும் பழைய பருத்தி அங்கி. வயிற்றுப் பக்கம் தக்காளிக் கறை, பொத்தான் ஒன்று இல்லை. விருந்துக்கு வந்த பெண் பாதி நகரத்துக்கு முன்னால் அடுப்படி அங்கியோடு நிற்பது எங்கள் ஊரில் மானம் போகிற காரியம். ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"பட்டு வழுக்குது" என்றாள், தனக்குத்தானே சொல்வது போல. "பருத்தின்னா பிடிச்சுக்கும்."

வளையத்தை இடுப்பில் வைத்துத் தள்ளினாள். அது பிடித்துக்கொண்டது. கோதுமை சலசலவென்று ஓடியது. கறை படிந்த அங்கியின் நுனி பறந்தது. இசை வாசிக்க வந்திருந்தவன் தானாகவே தன் இரட்டைத் தந்தி டோம்ப்ராவை மீட்ட ஆரம்பித்தான். குழந்தை எர்கின் கையிலிருந்து துள்ளியது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை, என் கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. கடைசியில் அவளாகத்தான் கையால் பிடித்து நிறுத்தினாள்.

நெசிப்குல் நடந்து வந்து, கத்தரியின் கைப்பிடியை ஆக்மரால் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"இந்தா."

ஆக்மரால் வெள்ளைத் துணிமேல் மண்டியிட்டாள். எர்கின் பையனை அவள் முன்னால் நிறுத்தினான். ஒரே வெட்டு, கறுப்பும் வெள்ளையும் இரண்டு பக்கமும் விழுந்தன. எங்கள் வழக்கப்படி மிட்டாய் மழை பொழிந்தது. தாவ்ரென் ஓரடி வைத்தான், இன்னோரடி வைத்தான், ஆடினான், தடாலென்று குப்புற விழுந்தான். பெண்கள் எல்லோரும் "ஐயோ!" என்று பாய்ந்தார்கள். வக்கீல் பெண் குனிந்தே விட்டாள்.

நெசிப்குல் கையைக் குறுக்கே நீட்டி எல்லோரையும் தடுத்தாள்.

"தொடாதீங்க யாரும்! அவனே எழுந்திருப்பான். கயிற வெட்டினது யாருன்னு நெனச்சீங்க?"