கழுகைக் கொன்றவர் என்று பேர் வாங்கிய டூகல்

டூகல் மக்ரேவுக்குக் கழுகு என்றாலே ஆகாது. வானத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் போதும், குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு அதன் பரம்பரையையே கரித்துக் கொட்டுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஸ்காட்லாந்து மலைகளில் வேட்டைக்காவலரின் பிழைப்பு அப்படி. வருஷம் முழுக்க மேட்டில் புதுத் தளிர் விடட்டும் என்று ஹெதர் என்ற குட்டைப் புதரைப் பட்டை பட்டையாகக் கொளுத்தி, நரியையும் காக்கையையும் பிடித்து, கௌதாரியைப் பெருக்க வேண்டும். ஆகஸ்ட் மாதம் பணக்காரர்கள் துப்பாக்கியோடு வந்து கல் மறைப்புக்குள் நின்றுகொள்வார்கள். ஊர்க்காரர்கள் நாங்கள் கொடியை ஆட்டிக்கொண்டு வரிசையாக நடந்து, பறவைகளை அவர்கள் தலைக்கு மேலே விரட்டுவோம். அந்த நேரம் பார்த்து ஒரு பொன்கழுகு மேலே வந்துவிட்டால், கௌதாரி ஒன்று பாக்கியில்லாமல் அடுத்த எஸ்டேட்டுக்கு ஓடிவிடும். அன்றைய பொழுது பாழ். முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது டூகல்தான்.

பள்ளத்தாக்கின் உச்சியில், எஸ்டேட் கொடுத்த வீட்டில் பிறந்தவர் அவர். அப்பாவும் காவலர்தான். வேலை போனால் வீடும் போகும் என்பது தாய்ப்பாலோடு ஊட்டப்பட்ட பாடம். கல்யாணமான புதிதில் மனைவி மேஸியைக் கடற்கரை பார்க்க அழைத்துப் போனவர், அங்கே ஒரு நாள் முழுக்கக் கடற்பறவைகளைத் திட்டிவிட்டுத் திரும்பினார். தினமும் காலையில் என் கடைக்குப் புகையிலை வாங்க வருவார். வந்தால் வாய் ஓயாது. எனக்கும் வாய் நீளம் என்பதால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது.

இப்படிப்பட்டவர் தலையில்தான் மோர்னா விவகாரம் வந்து விழுந்தது.

மோர்னா ஒரு பெண் கழுகு. குஞ்சாக இருந்தபோது பறவைச் சங்கத்துக்காரர்கள் அதன் முதுகில் சின்னக் கருவி ஒன்றைக் கட்டி விட்டார்கள். அது எங்கே போனாலும் கம்ப்யூட்டரில் தெரியும். பேர் வைத்தது எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அன்று குஞ்சை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, காலில் அடையாள வளையம் போட்டவர் ஊனா டீச்சர். எடின்பரோவிலிருந்து ஓய்வுபெற்று எங்கள் ஊரில் குடியேறியவர், பறவை என்றால் உயிர். ஓர் இலையுதிர் காலத்தில் மோர்னாவின் கருவி திடீரென்று அடங்கிவிட்டது. கடைசியாகக் காட்டிய இடம் டூகலின் காவல் மலை.

எங்கள் பக்கம் எஸ்டேட்டுகளை ஒட்டிக் கழுகுகள் காணாமல் போவது புதிதில்லை. யாரும் பார்த்ததில்லை, யாரும் பிடிபட்டதில்லை, ஆனால் பறவை மட்டும் இருக்காது. அதனால் ஊனா பத்திரிகையில் பேசியதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். "அந்த மலையின் காவலர் பதில் சொல்ல வேண்டும்" என்றார். அந்த மலைக்கு ஒரே காவலர்தான்.

போலீஸ் வந்தது. கொட்டகையைக் கிளறினார்கள். உறைபெட்டியில் நாய்களுக்கு வைத்திருந்த முயலையெல்லாம், கழுகுக்கு விஷம் வைத்த இரையோ என்று அள்ளிக்கொண்டு போனார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் என்ன, ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. அவருடைய ஜீப்பில் யாரோ கொலைகாரன் என்று பெயின்ட் அடித்தார்கள். தேவாலயத்தில் மேஸி உட்கார்ந்த பலகையில் வேறு யாரும் உட்காரவில்லை. வேட்டையால் சம்பளம் வாங்குகிறவர்கள் ஒரு பக்கம், பறவை பார்க்க வருகிறவர்களால் பிழைக்கிறவர்கள் மறுபக்கம் என்று என் கடையே இரண்டுபட்டது.

ஒரு நாள் ரொட்டி அலமாரிக்குப் பக்கத்தில் டூகலும் ஊனாவும் மோதிக்கொண்டார்கள்.

"டீச்சர், உங்க பறவையை நான் தொடல," என்றார் டூகல்.

"அப்போ எங்க போச்சு? ஆவியாப் போச்சா?"

"எனக்கென்ன தெரியும்? இங்கிலாந்துப் பக்கம் மாப்பிள்ளை தேடிப் போயிருக்கும்."

"அந்தக் கருவி தானா நிக்காது, டூகல். நின்னுச்சுன்னா எவனோ நிறுத்தியிருக்கான்."

"உங்க கார் எத்தனை தடவை தானா நின்னிருக்கு? நான்தானே தள்ளிவிட்டேன்!"

நான் சிரித்துவிட்டேன். ஊனா சிரிக்கவில்லை. "பிள்ளைங்க கேக்கறாங்க, மோர்னா எங்கேன்னு. நீங்களே வந்து சொல்லுங்க," என்றார்.

டூகலின் முகம் விழுந்துவிட்டது. "உயிரோட கண்டுபிடிச்சு உங்க முன்னால நிறுத்தலேன்னா நான் டூகல் இல்ல," என்று சொல்லிவிட்டுப் புகையிலையைக்கூட எடுக்காமல் போனார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, கழுகைக் கண்டால் ஆகாத அந்த மனிதர் கழுகைத் தேடி அலைந்தார். வேலை முடிந்ததும் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு நாயோடு மலையேறிவிடுவார்.

"என்னய்யா, மேஸியைக்கூட இப்படித் தேடியிருக்கமாட்டே போலிருக்கே?" என்று சீண்டினேன்.

"அவ கூப்பிடு தூரத்துல இருந்தா," என்றார்.

போகப் போக அவர் பேச்சு மாறியது. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. திட்டு குறைந்தது. ஒரு நாள் கல்லாமேசையில் சாய்ந்துகொண்டு, "நேத்து ஒண்ணு பார்த்தேன், ஜீன். மோர்னா இல்ல, ஏதோ கிழட்டு ஆண். பனிமழையில ஒரு பாறை மேல உக்காந்திருந்துச்சு. பொழுது சாயற வரைக்கும் அசையல. பார்த்த எனக்குத்தான் குளிர் எடுத்துச்சு," என்றார்.

"இத்தனை வருஷமா பார்க்காத கழுகா?"

"எங்க பார்த்தேன்? கண்ணுல பட்டதும் திட்ட ஆரம்பிச்சுடுவேனே."

மார்ச் மாதம் ஒரு காலை வந்தார். புகையிலை கேட்கவில்லை. டூகல் வாயடைத்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கடையைச் சாத்து. டீச்சரைக் கூட்டிட்டு வா. நான் கூப்பிட்டா வரமாட்டாங்க," என்றார்.

ஊனா என்னை நம்பி வந்தார். வழி நெடுக டூகலைப் பார்க்காமல் என் பக்கமாகவே நடந்தார். எஸ்டேட்டின் கடைக்கோடியில் ஒரு செங்குத்துப் பாறை. அதற்கு எதிர்ச்சரிவில், பறவை நம்மைக் கண்டு மிரளாத தூரத்தில், ஈரப் புதருக்குள் மூன்று பேரும் குப்புறப் படுத்தோம். என் முழங்கால் விண்விண்ணென்றது. எதற்கு இந்தக் கூத்து என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து அது எழுந்து வந்தது.

அதை எப்படிச் சொல்வது? நாற்பது வருஷம் அந்த மலைக்கு அடியில் உட்கார்ந்து டப்பாப் பயறு விற்றிருக்கிறேன். என் தலைக்கு மேலே இப்படி ஒன்று நடக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. சிறகை ஒரு தடவைகூட அடிக்காமல் மேலே மேலே போனது. கண்ணுக்கு எட்டாத உயரத்தில் சிறகை மடக்கிக்கொண்டு கல் மாதிரி விழுந்தது. செத்தது என்று நினைத்தேன். தரைக்குச் சற்று மேலே விரிந்து, விழுந்த வேகத்திலேயே மறுபடி வானத்துக்கு ஏறியது. காலில் ஒரு குச்சி வைத்திருந்தது. மேலே போய் அதை நழுவ விட்டது, பாய்ந்து பிடித்தது, மறுபடி விட்டது. கூடவே இன்னொரு கழுகு வந்து சேர்ந்துகொண்டது. ஒரு முறை அவை எங்களுக்கு நேர் மேலே தாழ்ந்து கடந்தபோது சிறகில் காற்று கிழிபடும் ஓசை கேட்டது. என் தலை தானாகக் குனிந்தது. தேவாலயத்தில் நான் ஒரு நாளும் அப்படித் தலை குனிந்ததில்லை.

பெண் கழுகு பாறை இடுக்கில் இறங்கிக் குச்சியைக் கூட்டில் செருகியது. டூகல் தொலைநோக்கியை ஊனாவிடம் தள்ளினார். "முதுகைப் பாருங்க."

ஊனா பார்த்தார். கருவி அங்கேயேதான் இருந்தது. சேதி அனுப்பும் அதன் கம்பி மட்டும் அடியோடு ஒடிந்திருந்தது.

"கால்ல நான் போட்ட வளையம்," என்றார் ஊனா. அப்புறம் அழ ஆரம்பித்துவிட்டார். "இதை என் மடியில வெச்சிருந்தேன், டூகல். என்னை மன்னிச்சிடுங்க. நாளைக்கே பத்திரிகைக்குச் சொல்றேன். போலீசுக்கு, பிள்ளைங்களுக்கு, எல்லாருக்கும்."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? உங்க பேரு!"

"உயிரோட இருக்குன்னு சொன்னா எங்க இருக்குன்னு கேப்பானுங்க. இங்க ஒரு ஜோடி கூடு கட்டுதுன்னு தெரிஞ்சா இந்த மலையில வேட்டை முடிஞ்சுது. எங்க மேனேஜர் ஒரு மாதிரி சிரிச்சு ஒரு மாதிரி பேசுவார், எனக்குப் புரியும். பக்கத்து எஸ்டேட்ல எத்தனை துப்பாக்கி இருக்குன்னும் தெரியும். எல்லாத்தையும் நான் ஒருத்தன் காவல் காக்க முடியுமா? செத்துப்போன பறவையைத்தான் எவனும் தேடி வரமாட்டான்."

"அப்போ உங்களைக் கொலைகாரன்னு சொல்லிட்டே இருப்பாங்களே?" என்றேன் நான்.

டூகல் பாறையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வயசுல நான் பருந்து முட்டையை பூட்ஸ் காலால மிதிச்சிருக்கேன், ஜீன். ஒரு கூடு ரெண்டு கூடு இல்ல. அதுக்கு ஒருத்தனும் என்னை ஏன்டான்னு கேக்கல. பண்ணாததுக்குத்தான் திட்டு வாங்கறேன். வாங்கிட்டுப் போறேன்."

ஊனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

அதற்குப் பிறகு டூகல் தன் பேருக்காக வாயைத் திறக்கவே இல்லை. எப்படிப்பட்ட வாய் அது! யாராவது என் கடையில் அவர் காதுபடக் கொலைகாரன் என்றால், சில்லறையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். எனக்குத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாடாக இருந்தது. அந்த ஆகஸ்டில் வேட்டை நடுவே மோர்னா தலைக்கு மேலே வந்து, கௌதாரியெல்லாம் மறைந்து, முதலாளி தொப்பியைத் தரையில் அடித்தார். "எங்கிருந்தோ வழிதவறி வந்தது, சார்," என்றாராம் டூகல். வருஷா வருஷம் எங்கிருந்தோ வழிதவறி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கௌதாரி போதவில்லை என்று அவரை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பினார்கள். பிறந்த வீட்டைக் காலி செய்துகொண்டு, கிராமத்தில் பஞ்சாயத்து வீடு ஒன்றுக்கு வந்தார்கள் அவரும் மேஸியும். அண்டை வீட்டுக்காரர்கள் முகம் கொடுக்கவில்லை.

அவர் படுக்கையில் விழுந்த வருஷம் மோர்னா தன் துணையோடு வடக்கே, பறவைச் சங்கத்தின் சொந்த நிலத்துக்குப் போய்விட்டது. ஊனா ஓடிவந்து சொன்னார். "இனிமே பயமில்ல. இப்பவாவது சொல்லட்டுமா?"

"நான் போனப்புறம் சொல்லுங்க," என்றார் டூகல். "இப்பச் சொன்னா ஊரே கேக்கு செஞ்சு எடுத்துட்டு வந்து கட்டில் பக்கத்துல உக்காந்துக்கும். அதை எவன் தாங்கறது?"

எங்கள் ஊரில் சவப்பெட்டியைக் குழியில் இறக்கும் கயிறுகளை எட்டுப் பேர் பிடிப்பார்கள். யாருக்கு எந்தக் கயிறு என்று குடும்பம்தான் சொல்லும். ரத்த சொந்தமும் உயிர் நண்பர்களும் தவிர வேறு யாருக்கும் அது கிடைக்காது. கால்மாட்டுக் கயிறு எனக்கு என்று மேஸி முன்பே சொல்லியிருந்தார். டூகலின் அடக்கத்துக்கு வந்ததே கொஞ்சம் பேர். பக்கத்து எஸ்டேட் காவலர்கள் சிலர், வேடிக்கை பார்க்கச் சிலர். மேஸி, மிக நெருங்கியவர் பிடிக்கும் தலைமாட்டுக் கயிற்றைக் கையில் எடுத்தார். எல்லாரும் பார்க்க, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஊனாவிடம் போய் அதைக் கொடுத்தார்.

சலசலப்பு எழுந்தது. ஒரு கிழட்டுக் காவலருக்குப் பொறுக்கவில்லை. "மேஸி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவர் பேரைக் கெடுத்தவளே இவதானே?"

"அவர் பேரை இவகிட்டதான் குடுத்து வெச்சிருந்தார்," என்றார் மேஸி. "திருப்பிக் குடுக்க வந்திருக்கா. கேளுங்க."

ஊனா கயிற்றைப் பிடித்தபடியே சொல்லத் தொடங்கினார். அந்தப் பாறை, அந்தக் குச்சி, ஒடிந்த கம்பி, அவர் வேண்டாம் என்று சொன்னது. குரல் உடைந்த இடங்களில் நான் எடுத்துச் சொன்னேன். முடித்தபோது அந்தக் கிழட்டுக் காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு எட்டுப் பேரும் சேர்ந்து டூகலை மெல்லக் கீழே இறக்கினோம்.