மணக்கிற மரம்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் பிரெஞ்சு பேசும் இந்த நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தைப் பராமரித்தவர் அவர். நெடிய மனிதர், நரைத்த பின்னல். குழாய் திருத்த வந்தாலும் சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, தன் ஊருக்குப் போய்த் திரும்பியவர் ஒரு கட்டு இலைக்கொத்தை நீட்டினார். வடக்கே சதுப்பு நிலத்தில் தானாக வளரும் செடியாம். ஐரோப்பாவிலும் உண்டாம். இங்கத்தைய பிரெஞ்சில் அதன் பெயரே ‘நல்லாய் மணக்கிற மரம்’.

“உடுப்புக்குள்ள வையுங்கோ, பூச்சி அண்டாது. இறைச்சிக்கும் போடலாம். மணந்து பாருங்கோ, மேடம்” என்றார் பிரெஞ்சில்.

பிள்ளையாருக்கு வைக்கலாமே என்று எண்ணிய நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

“பிடிக்கேல்லையோ?”

“ஐயோ, இல்லை மிஸ்யு. சாமிக்கு வைக்கப் போறன். அதுக்கு முதல் மணக்கக் கூடாது” என்று தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

அவர் கட்டை இரண்டாகப் பிரித்தார். “இது சாமிக்கு. இது உங்களுக்கு.”

படியிறங்கப் போனவர் திரும்பி வந்தார்.

“ஒண்டு சொல்லவேணும் மேடம். பறிக்கேக்க எல்லாத்தையும் நான் மணந்திட்டன்.”

சொல்லாமல் போயிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? சாமிக்கென்று அவர் பிரித்த அந்தக் கொத்தைத்தான் படத்துக்கு முன்னால் வைத்தேன். சரியோ பிழையோ, பிள்ளையாருக்குத் தெரியும்.