பெயர் சொல்லாதவர்களின் அட்டைப்பெட்டி

என் மகள் கைபேசியில் அரைகுறையாக எதையாவது தட்டுகிறாள். வேண்டியது வந்து நிற்கிறது. இந்த வித்தையை நான் அந்தக் காலத்திலேயே செய்தவள் என்று சொன்னால் அவள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

எழுபதுகளின் கடைசி. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் சங்கத்தில் எனக்குத் தற்காலிக எழுத்தர் வேலை. மூன்று மாதம் கழித்து அதிகாரி ஒருவர் வருவார். அவர் கேட்கும் உறுப்பினர் அட்டையை உடனே எடுத்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போனால் நாற்று நட வேண்டும். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

நானூறு அட்டைகளையும் அகர வரிசையில் அடுக்கிவிட்டுத் தலைகால் புரியாத பெருமையில் உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் ஏரியில் இருக்கும் நேரம் என்பதால், அட்டையில் பதிந்து சங்கம் கொடுக்கும் நைலான் நூலை வாங்க வருவதெல்லாம் மனைவிமார்தான். முதல் ஆள் வந்தாள்.

"பேரு சொல்லுங்கக்கா."

"யாரு பேரு?"

"உங்க வூட்டுக்காரரு பேரு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாம்மா நீ, அத்த நான் எப்டி சொல்லுவேன்?"

என் அம்மாவே அப்பா பெயரைச் சொன்னதில்லை. அது எப்படி என் மண்டையில் உறைக்காமல் போனதோ.

சரி என்று, யார் எந்தப் பாட்டில் வலை விடுகிறார் என்று கேட்டு அதன்படி அடுக்கினேன். பாடு என்றால் ஏரியில் வலை விடும் இடம். நான் நெல் விளையும் ஊர்க்காரி. எங்கள் நிலம் நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும். பாடோ முறை வைத்து ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டே நாளில் என் பெட்டி அலங்கோலமாகிவிட்டது.

பிறகுதான், அவர்கள் வாயில் என்ன வருகிறதோ அதையே அட்டையின் தலையில் எழுத ஆரம்பித்தேன். 'தூக்கத்தில் பாடுபவர்.' 'மச்சானோடு பேசாதவர்.' 'கூத்தில் ராணி வேஷம்.' ஒரே ஆளை நாலு விதமாகக் கேட்டால் நாலு துண்டுச்சீட்டு, நாலும் அந்த ஒரே அட்டைக்கு வழிகாட்டும். இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அட்டை கையில். எனக்கு ஒரே குஷி. நூல் வேண்டாதவர்கள்கூடத் தங்கள் வீட்டுக்காரரை என்னவென்று எழுதியிருக்கிறேன் என்று கேட்க வந்தார்கள்.

அதிகாரி வந்தார். உட்கார்ந்ததும் கையிலிருந்த தாளைப் பார்த்து ஒரு பெயரைப் படித்தார்.

பெயரை வைத்துத் தேடுவதென்றால் நானூறு அட்டையையும் புரட்ட வேண்டும்.

அந்தப் பெயர் காதில் விழுந்ததும், நூலுக்காக வரிசையில் நின்றவர்களில் நாலு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுடைய வீட்டுக்காரர் பெயர்! எனக்கு உயிர் வந்தது.

"அவரோட அப்பா பேரு, சார்?"

அதையும் படித்தார். மூன்று பேர் நிமிர்ந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும், மாமனார் பெயரும் சேர்ந்துகொண்டதில், தரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"அக்கா, உங்க வூட்டுக்காரர என்னன்னு எழுதியிருக்கேன்?"

"வாத்தப் பாத்தா ஓடுவாரே," என்றாள் மெதுவாக.

வாத்து என்று இரண்டு அட்டைகள் இருந்தன: வளர்ப்பவர், பயப்படுபவர். இரண்டாவதை உருவி நீட்டினேன். அதிகாரி பெயரைச் சரிபார்த்தார். மேலே நான் எழுதியிருந்ததைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"பேருக்கும் ஒரு பட்டியல் போட்டுக்கம்மா," என்றார். "அதுக்குத்தான் இனிமே வருஷக்கணக்கா நேரம் இருக்கே."

வேலை கிடைத்துவிட்டது என்பது என் மரமண்டைக்கு எட்டுவதற்குள் வரிசை முழுக்கச் சிரித்துக் கூச்சல் போட ஆரம்பித்துவிட்டது.