சம்பந்தியின் கண் பரிசோதனை

என் வீட்டுக்காரருக்கு ஆமைத் தொட்டி பார்க்கிற வேலை. ஆமையின் கண் எவ்வளவு கூர்மை என்று அளக்கிற ஆராய்ச்சிக்கூடம் அது. நான் அங்கே தரை துடைக்கிறேன். படித்தது ஐந்தாவது வரைதான். ஆனாலும் அந்த அளவெடுப்பு எனக்கே புரிந்தது.

நீளத் தொட்டியின் கோடியில் இரண்டு அட்டைகள் தொங்கும். ஒன்று வெறும் சாம்பல் நிறம். மற்றதில் கறுப்பு வெள்ளைக் கோடுகள். கோடு போட்டதை ஆமை மூக்கால் தொட்டால் ஒரு மீன் துண்டு. சாம்பலைத் தொட்டால் ஒன்றுமில்லை. வாரத்துக்கு வாரம் கோடு மெலிந்துகொண்டே போகும். எந்தக் கோட்டில் ஆமை திணறுகிறதோ, அதுதான் அதன் பார்வைக்கு எல்லை. அட்டை மாட்டுவது, மீன் போடுவது, சரி தப்பு குறிப்பது எல்லாம் இவர்தான்.

பெரிய ஆமைக்கு இவர் வைத்த பெயர் சம்பந்தி. கழுத்தை நீட்டி எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கும், போட்டதைத் தின்னும், முகத்தில் மட்டும் திருப்தி வராது.

இவருக்குக் கொஞ்ச நாளாகப் பார்வை மங்கல். கண் சரியில்லாத ஒருவர் ஈரத்தில் வழுக்கி விழுந்ததிலிருந்து, அப்படிப்பட்டவர்களை அங்கே வேலையில் வைப்பதில்லை. அதனால் இவர் வாயைத் திறக்கவில்லை. "கடவுள் பாத்துப்பார்" என்றார். பார்த்துக்கொள்வார்தான். ஆனால் அட்டையையும் அவரே வந்து மாட்டுவாரா?

மூன்று வாரமாகச் சம்பந்திக்குத் தப்பு மேல் தப்பு. ஆராய்ச்சி நடத்தும் டாக்டரம்மா குறிப்பைப் பார்த்து, "பாவம், இதோட கண்ணு அவ்வளவுதான் போல" என்றார்.

அன்று நான் பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி நேராகப் போய் இடப்பக்க அட்டையைத் தொட்டது. இவர் மீன் போடாமல் தப்பு என்று குறித்தார்.

"ஏங்க, சரியாத்தானே தொட்டுச்சு?"

"கோட்ட வலது பக்கம்ல மாட்டினேன்."

"நல்லா இருக்கு நீங்க பாக்குற லட்சணம்! கோடு இடது பக்கம். எனக்கு இங்கேருந்தே தெரியுது."

குனிந்தார், கண்ணைச் சுருக்கினார், அட்டையில் மூக்கை வைத்தார். சம்பந்தி தொட்ட அதே இடம்.

"அப்போ இத்தனை நாளா..."

"அளந்தது உங்க கண்ணத்தாங்க."

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். "சொன்னா வேலை போயிடும்டி" என்றார். கொஞ்சம் கழித்து, "சரியாச் சொன்ன வாயிக்குத் தீனி இல்லேன்னு சொல்லியிருக்கேன். சாமி கும்பிடக் கண்ண மூடினா அது மூஞ்சிதான் வருது" என்றார்.

மறுநாள் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். டாக்டரம்மா அவரைத் தொட்டியின் மறுகோடியில் நிறுத்தி, அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். குறிப்பில் சம்பந்தி திணறிய அதே கோட்டில் இவரும் திணறினார்.

"அளவெல்லாம் ரொம்பச் சரியாத்தான் எடுத்திருக்கீங்க. ஆள்தான் மாறிப்போச்சு."

"வேலைம்மா?"

"கண்ணாடி போட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் அட்டைய உங்க வீட்டம்மா மாட்டட்டும்."

ஒரு வாரம் நான் மாட்டினேன். சம்பந்திக்கு ஒரு தப்பும் வரவில்லை. எட்டாம் நாள் புதுக் கண்ணாடியோடு வந்தவர், தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு ஓரடி பின்வாங்கினார்.

"அடியே, இது நெஜமாவே முறைக்குதுடி!"

"மூணு வாரம் மீன மறைச்சா நானும்தான் முறைப்பேன்" என்று அட்டைகளை அவர் கையில் கொடுத்தேன்.